காப்புக்கு முந்தின பஸ்

போன மாதம் எங்கள் பழைய பள்ளியிலிருந்து ஒரு இளம் டீச்சர் போன் செய்தாள். ப்ளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போடப்போகிறார்களாம். "இப்ப எல்லாம் ஆன்லைன்தான் டீச்சர், வீட்ல உட்கார்ந்தே காலேஜைத் தேர்ந்தெடுத்துடலாம். ஆனா பேரண்ட்ஸ்தான் பிடி கொடுக்க மாட்டேங்கிறாங்க. அந்தக் காலத்துல நீங்க எல்லாம் அவங்களை எப்படி வழிக்குக் கொண்டு வந்தீங்க?" என்றாள். வழிக்குக் கொண்டுவர அவர்கள் என்ன வண்டி மாடா என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்தப் பெண் மிரண்டு போய்விட்டது. காலமெல்லாம் கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்தவளுக்கு வாய் வேறு எப்படி இருக்கும்? போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரி. பி.எட். முடித்து, இரண்டு மூன்று ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, கணக்கு ஆசிரியையாக உத்திரமேரூருக்கு மாற்றலாகி வந்தேன். ஏரிக்கரைப் பக்கம் வீடு பார்த்துக் குடியேறினவள் ரிட்டயர் ஆகியும் இங்கேயே கிடக்கிறேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாடம் நடத்தினேன், பேப்பர் திருத்தினேன், சம்பளம் வாங்கினேன். பிள்ளைகள் பாஸ் ஆனதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயசீலன் சார் ஹெச்.எம். ஆக வந்த பிறகு அந்த நினைப்பு போயிற்று. ஒல்லியான மனிதர், சத்தமே வராது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெற்றோர் யாராவது அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். எங்கள் பள்ளிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் காலனிகளிலிருந்து வருகிற கூலிக்காரர்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று, "பரவால்ல சார், சொல்லுங்க" என்பார்கள். இவரும் நிற்பார். நாற்காலியைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார். "உக்காருங்க, நாம எல்லாம் சமம்" என்ற பிரசங்கமெல்லாம் கிடையாது. அவர்கள் நெளிந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, கடைசியில் நாற்காலியின் நுனியில் உட்காரும் வரை அந்த அறையில் பேச்சே நடக்காது. ஹெச்.எம். நின்றால் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும். என் முட்டிவலி எனக்கல்லவா தெரியும். ஒருநாள், "சார், நீங்க உட்கார்ந்தா அவங்க கீழே உட்கார்ந்துக்குவாங்க, வேலை முடியும்" என்று சொல்லியே விட்டேன். "அதுக்குத்தான் நிக்கறேன்" என்றார்.

என்ஜினீயரிங் காலேஜுக்கு கிண்டியில் கவுன்சலிங் வைத்து இடம் கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. தனியார் கல்லூரிகள் ரோட்டுக்கு ரோடு முளைத்துக்கொண்டிருந்தன. பெற்றோர் காலேஜைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். காலேஜ் பஸ் எங்கள் ஊர் வழியாக வருகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். பஸ் வந்தால் நல்ல காலேஜ். பிள்ளை காலையில் ஏறி சாயந்திரம் வீட்டுக்கு வந்து சோறு தின்னும். முதல் வருஷத்து ஃபீஸை மாட்டை விற்றோ, கம்மலை வைத்தோ, யாரிடமாவது கைமாற்று வாங்கியோ கட்டிவிடுவார்கள். இரண்டாவது வருஷம் தள்ளாடும். மூன்றாவது வருஷம் பிள்ளை வீட்டில் இருக்கும். கேட்டால், "இன்னா பண்றது டீச்சர், பேஜாரா பூட்ச்சி" என்பார்கள். பாதிப் படிப்போடு நின்ற பிள்ளைகளை நானே பஜாரில் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். அது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஜெயசீலன் சார் இதற்கு ஒரு வழி செய்தார். கவுன்சலிங்கைப் பள்ளியிலேயே ஒரு தடவை நடத்திப் பார்ப்பது. நடவும் களையெடுப்பும் இல்லாத நாளாகப் பார்த்து சாயந்திரம் வைப்போம், யாருக்கும் கூலி போகாது. லேபில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. மேஜைக்கு அந்தப் பக்கம் ஹெச்.எம்.தான் கவுன்சலிங் ஆபீசர். இந்தப் பக்கம் அப்பனும் பிள்ளையும். கரும்பலகையில் காலேஜ் பெயர்களையும் காலியிடங்களையும் நான் எழுதி வைப்பேன். மற்ற குடும்பங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும். இவர்கள் யோசிக்க யோசிக்க நான் டஸ்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக அழித்துக்கொண்டே வருவேன். அங்கேயும் அப்படித்தானே, நமக்கு முன்னால் இருப்பவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். "ஐயோ, அதை ஏன் டீச்சர் அழிக்கிற?" என்று ஒரு அப்பன் எழுந்தே வந்து என் கையைப் பிடித்துவிட்டான். சபையில் சிரிப்பு. வீட்டில் பேசாத சண்டையெல்லாம் அந்த மேஜையில்தான் வெளியே வரும். பையன் ஒன்று சொல்வான், அப்பன் ஒன்று சொல்வான், மாமன்காரன் பெஞ்சிலிருந்து மூன்றாவதாக ஒன்று சொல்வான். கிண்டியில் போய்ச் சண்டை போடுவதைவிட இங்கே போடட்டும் என்று விட்டுவிடுவோம்.

எல்லாம் முடிந்து ஒரு காலேஜைச் சொன்னதும் ஹெச்.எம். ஒரே ஒரு கேள்வி கேட்பார். "முதல் வருஷம் எப்படியாவது கட்டிடுவீங்க. மூணாவது வருஷம்?" பதில் வரும்வரை காத்திருப்பார். பதில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அரசுக் கல்லூரிகளில் ஃபீஸ் எவ்வளவு குறைவு, காலனிப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் எங்கே வாங்குவது, ஹாஸ்டலில் எப்படிச் சேர்ப்பது என்று பொறுமையாகச் சொல்வார். ஆனால் எங்கள் பிள்ளைகளின் மார்க்குக்குக் கிடைக்கிற அந்தக் கல்லூரிகளெல்லாம் கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி என்று தூரத்தில் இருக்கும். பக்கத்துக் காலேஜுக்குப் பணம் வேண்டும், தூரத்துக் காலேஜுக்கு மனசு வேண்டும். பணத்தைக்கூடப் புரட்டிவிடுவார்கள். பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, கண்ணுக்கு எட்டாத ஊரில் விடுகிற மனசுதான் வராது.

இனி மகேஸ்வரியின் விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊர், அதன் காலனி. அப்பா முனுசாமி, அம்மா கன்னியம்மா, இரண்டு பேருக்கும் கழனி வேலை. மகேஸ்வரி என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. போர்டில் நான் போடுகிற கணக்கை நான் முடிப்பதற்குள் முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். நுழைவுத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள்.

எங்கள் ஒத்திகைக்கு முனுசாமி வந்தார். நெடுநெடுவென்று உயரம், நெற்றி நிறைய விபூதி. காலனி அம்மன் கோயிலில் பூசை செய்கிறவர் அவர்தான். ஆடித் திருவிழாவில் கரகம் எடுப்பதும், அருள் வந்து வாக்குச் சொல்வதும் அவர்தான். காஞ்சிபுரம் ரோட்டிலிருந்த ஒரு தனியார் கல்லூரியைச் சொன்னார். பஸ் திருப்புலிவனத்தில் நிற்கும். "ரெண்டு மாடு கீது சார், வித்துர்றேன்" என்றார். ஹெச்.எம். வழக்கமான கேள்வியைக் கேட்டார். முனுசாமி மகளைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார். பாங்கில் கல்விக்கடன் என்று அப்போதுதான் பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. அங்கேயும் போய்ப் பார்த்திருக்கிறார். ஜாமீன் போட ஆள் கேட்டிருக்கிறார்கள். "அம்மா விட்ட வழி சார்" என்று எழுந்துவிட்டார். கன்னியம்மாவும் வந்திருந்தாள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்பவளுக்காக ஹெச்.எம். எவ்வளவு நேரம்தான் நிற்பார், அன்றைக்கு அவரே தோற்றுப்போனார்.

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் மகேஸ்வரி அழுத கண்ணோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாள், திருவிழாவுக்கு முந்தின நாள். அவள் வந்ததற்கு முதல் நாள்தான் ஊரில் காப்புக் கட்டியிருந்தது. "நைனா வர மாட்டாங்களாம் டீச்சர். என்னையும் அனுப்ப மாட்டாங்களாம்" என்றாள். நான் செங்கல்பட்டு டவுனில் வளர்ந்தவள், எனக்கு இதெல்லாம் அரைகுறை. ஹெச்.எம்.மும் நானும் அன்றைக்கே கிளம்பிப் போனோம்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. முனுசாமி கையில் மஞ்சள் கயிறு. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹெச்.எம்.முக்குப் போட்டுவிட்டு அவர் நின்றார். ஹெச்.எம்.மும் நின்றார். நாற்காலி நடுவில் சும்மா கிடக்க, பேச்சு முழுக்க இரண்டு பேரும் நின்றுகொண்டேதான் பேசினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"காப்புன்னா இன்னா விவரம், கொஞ்சம் சொல்லுங்க" என்றார் ஹெச்.எம்.

"கட்டினவன் எல்லையைத் தாண்டக் கூடாது சார். கட்டுறப்ப ஊர்ல இருந்தவங்க வேலை வெட்டிக்குப் போலாம், ஆனா பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குள்ள வந்துரணும். வெளிய ராத்தங்கினா ஊருக்கு ஆகாது. கூழு ஊத்தி, காப்பு அவுத்தப்புறம் எங்க வேணா போலாம்."

"கட்டும்போது ஊர்ல இல்லாதவங்க?"

"அவங்களுக்கு இன்னா சார், அவங்களுக்குக் காப்பே இல்ல."

மகேஸ்வரி காப்புக் கட்டும்போது ஊரில்தான் இருந்தாள். முனுசாமியால் எல்லையைத் தாண்டவே முடியாது. வயசுப் பெண்ணைத் தனியாகவோ, வேறு ஆளோடோ மெட்ராஸுக்கு அனுப்ப அவருக்குச் சம்மதமில்லை. கவுன்சலிங்குக்குப் போகாவிட்டால் அந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் என்பது சும்மா பேச்சு, அதற்குள் கல்யாணம் பேசிவிடுவார்கள். என்னால் அடக்க முடியவில்லை. "ஏங்க, அருள் வந்து வாக்குச் சொல்றவரே நீங்கதானே. இன்னிக்குச் சாயந்திரம் ஒரு வார்த்தை, எம் பொண்ணு போயிட்டு வரட்டும்னு சொல்லிட்டா ஊரே ஒத்துக்குமே" என்றேன்.

முனுசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப பேசறது என் வாயி இல்ல டீச்சர். என் வூட்டு விசயத்துக்கு அதை நான் கேக்கக் கூடாது. ஒரு தபா கேட்டா, அப்புறம் அந்த வாக்குக்கு மருவாதி இருக்காது" என்றார். ஹெச்.எம். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா, "நான் இட்டுக்கினு போறேன்" என்றாள். "டீச்சர் கூட வந்தா நான் போறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துர்றோம். எனக்குக் கையில கயிறு இல்ல."

"உனக்கு இன்னாமே தெரியும் அங்க?" என்றார் முனுசாமி.

"அன்னிக்கு ஸ்கூல்ல நடத்துனாங்களே. நானும்தான பாத்துக்கினு இருந்தேன்."

முனுசாமி கையிலிருந்த கயிற்றைத் தடவினார். பிறகு, "சரி. அந்தக் காஞ்சிபுரம் ரோட்டு காலேஜை எடுத்துக்கினு வந்துரு. வேற எதுவும் வேணாம்" என்றார்.

மறுநாள் கன்னியம்மாவையும் மகேஸ்வரியையும் மட்டும் பள்ளிக்குக் கூப்பிட்டு இன்னொரு ஒத்திகை வைத்தோம். ஹெச்.எம். எழுந்து நின்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகேஸ்வரி, "உக்காரும்மா, நீ உக்காந்தாத்தான் சார் உக்காருவாரு, சாருக்குக் கால் வலிக்கும்" என்றாள். கன்னியம்மா பதறிப்போய் வந்து உட்கார்ந்தாள். அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றாத வழி அது. முதல் தடவை எதைக் கேட்டாலும், "அவரைக் கேட்டுத்தான்" என்றாள். "அங்க அவர் இருக்க மாட்டாரு, நீதான் இருப்ப" என்று சொல்லிக்கொண்டே நான் எல்லா இடங்களையும் அழித்துவிட்டேன். வெறும் பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா எழுது டீச்சர்" என்றாள். இரண்டாவது தடவை அவள் ஹெச்.எம்.மைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். காஞ்சிபுரம் ரோட்டுக் காலேஜையே சொன்னாள். ஹெச்.எம். தன் கேள்வியைக் கேட்டார். அவளும் முனுசாமியைப் போலவே கரும்பலகையைத்தான் பார்த்தாள்.

கவுன்சலிங் அன்று தாயும் மகளும் இருட்டோடு ஊரிலிருந்து நடந்து வந்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டார்கள். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். கன்னியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கிண்டியில் பெரிய பந்தல். காரில் வந்து இறங்கின பெற்றோர்கள், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செல்போனில் யாருடனோ பேசிக்கொண்டு. பிள்ளையோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றுவிட்டார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு தூரம் கூட வந்த எனக்கு அது கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

உள்ளே நடந்தது மகேஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரையில் இடங்கள் ஓடிக்கொண்டிருந்தனவாம். காஞ்சிபுரம் ரோட்டுக் காலேஜில் நிறைய இடம் இருந்தது. கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியில் இவள் பிரிவுக்குக் கொஞ்சமே மிச்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று குறைந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர் "உட்காருங்கம்மா" என்றதும் கன்னியம்மா நேராகப் போய் உட்கார்ந்துவிட்டாளாம். "எந்தக் காலேஜ்?" என்று அவர் கேட்டார். மகேஸ்வரி அப்பா சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். கன்னியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "மூணாவது வருசம் நீ எதுல இருப்ப?" என்று கேட்டாள்.

மகேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "கோயம்புத்தூர்லம்மா" என்றாள்.

"அப்ப அதை எடு."

வெளியே வந்து என்னிடம் சொன்னபோது நான் அந்த இடத்திலேயே அழுதேன். சொல்ல என்ன வெட்கம்? கன்னியம்மா அழவில்லை. வானத்தைப் பார்த்து, "கெளம்பு டீச்சர், பொழுது பூடும்" என்றாள்.

திரும்பி வரும்போது ஆடிக் கூட்டம். செங்கல்பட்டில் பஸ்ஸில் ஏற முடியவில்லை. மஞ்சள் சேலைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு உத்திரமேரூர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஜெயசீலன் சார் ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, கேட்டால் சொல்ல மாட்டார். எந்தக் காலேஜ் என்றுகூடக் கேட்கவில்லை. "ஏறி உக்காருங்கம்மா முதல்ல" என்றார்.

ஊர் எல்லைக்குப் போனபோது பனைமரங்களுக்கு மேலே இன்னும் சூரியன் இருந்தது. தோரணத்துக்கு அந்தப் பக்கம் முனுசாமி நின்றிருந்தார். இந்தப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை. தாயும் மகளும் இறங்கி உள்ளே போனார்கள்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"காஞ்சிபுரம் ரோட்டுதுதான?"

"இல்ல. கோயம்புத்தூரு. கவர்மெண்டு."

முனுசாமி என்னைப் பார்த்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நானும் இருந்தேன். ஆனால் அவர் சண்டை போடவில்லை. குரல் இறங்கிப்போய், "அவ்ளோ தூரத்துல போயி இருந்தா, அடுத்த வருசம் காப்புக்கு இவ எப்டி வருவா?" என்றுதான் கேட்டார்.

"வர மாட்டா" என்றாள் கன்னியம்மா. "கட்டுறப்ப ஊர்ல இல்லாதவளுக்குக் காப்பு இல்ல. நீதான சொல்லுவ."

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். மகேஸ்வரி கோயம்புத்தூரில் சேர்ந்தாள். ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் எல்லாம் அலைந்து திரிந்து வாங்கினோம், அது தனிப் பாடு. மாடுகள் விற்கப்படவில்லை. ஆனால் முனுசாமி பள்ளிப் பக்கம் வரவே இல்லை. பஜாரில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். மனிதருக்கு என் மேல் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஆடி மாதம். மகேஸ்வரி லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். ஒருநாள் மாலை நான்கு மணி வாக்கில் என் வீட்டு வாசலில் முனுசாமி நிற்கிறார். தலையில் தகரப் பெட்டி. பின்னால் மகேஸ்வரி.

"காலேஜு நாளன்னிக்குத் தொறக்குதாம் டீச்சர். இன்னிக்குப் பொழுதோட காப்புக் கட்டணும். கட்டுறப்ப இவ ஊர்ல இருந்தா, காப்பு அவுக்குற மட்டும் போக முடியாது. அதான் முன்னயே இட்டாந்துட்டேன். நாளைக்கு ராத்திரி பஸ்ஸேறுற வரிக்கும் உங்க வூட்ல இருக்கட்டும்."

நான் உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன், முட்டிவலியோடு. அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார், நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கே கயிறு காத்திருக்கிறது என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அந்தக் காலனியிலிருந்து நிறையப் பிள்ளைகள் வெளியூரில் படித்துவிட்டார்கள். ஜெயசீலன் சார் இப்போது இல்லை. மகேஸ்வரிக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை, குடும்பம். முனுசாமிக்கு வயதாகிவிட்டது, பூசையை வேறொருவர் பார்க்கிறார். ஆனால் அவர் ஆரம்பித்த பழக்கத்தை யாரும் விடவில்லை. ஒவ்வொரு ஆடியும் காப்புக் கட்டுகிற நாள் சாயந்திரம் ஒரு ஆள் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துக்கொண்டு போவான். "படிக்கிற புள்ளைங்க யாராச்சும் வூட்ல கீறீங்களா? பஸ்ஸு வர்ற நேரம், கெளம்புங்க." அந்த பஸ் ஊரைத் தாண்டிப் போன பிறகுதான் அம்மனுக்குக் கயிறு கட்டுகிறார்கள்.